கிளவுன் கில்லி என்ற பெயரில் ஏரி மீன்: புதுச்சேரி, கடலூர் மீன் வளர்ப்போர் கவனத்திற்கு

புதுச்சேரியில் வண்ண மீன் விற்கும் ஒரு கடையில், நம் பகுதி ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் திரியும் மீனின் குஞ்சுகளைக் 'கிளவுன் கில்லி' என்று, அதாவது 'கில்லி' எனப்படும் சிறு மீன் வகைகளில் ஒன்றான ஆப்பிரிக்க வண்ண மீன் என்று சொல்லி ஜோடி 600 ரூபாய்க்கு விற்கிறார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. இதே சரக்கை வாங்கிக் கைமாற்றி விற்பவர்கள் வேறு சிலரும் இருப்பதாகத் தெரிகிறது. ஆகவே மீனை அடையாளம் காணத் தெரிந்திருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

என் வீட்டுத் தொட்டி இரண்டடி நீளமுள்ளது. செடிகளும் பாசியும் அடர்ந்த அதில் எம்பர் டெட்ரா என்ற சிறு மீன்களும் சிவப்புச் செர்ரி இறால்களும் இருக்கின்றன. மேல்மட்டத்தில் நீந்தக்கூடிய, மற்ற மீன்களை வம்புக்கு இழுக்காத சிறிய மீன் வேண்டும் என்றுதான் கேட்டேன். கிளவுன் கில்லி அதற்கு மிகப் பொருத்தமானது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, சியரா லியோன், லைபீரியா நாடுகளின் மெதுவாக ஓடும் நீர்நிலைகளைச் சேர்ந்த அம்மீன், முழுதாக வளர்ந்தாலும் ஏறக்குறைய 4 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். வாயும் சிறியது என்பதால், வளர்ந்த இறாலை அதனால் விழுங்க முடியாது. கடைக்காரர் அந்த மீனின் படத்தையே வாட்ஸ்அப்பில் அனுப்பி, தம்மிடம் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்த குஞ்சுகள் இருப்பதாகவும் எழுதினார். இரண்டு ஜோடிக்குப் பணம் கொடுத்தேன்.

ஆக்சிஜன் பாக்கெட்டில் வந்தவை வெளிறிய சாம்பல் நிறக் குஞ்சுகள். கேட்டதற்கு, "பாக்கெட்டுல அப்படித்தான் சார் தெரியும், தொட்டியில விட்டா கலர் வந்துடும்" என்றார். பயணத்தில் மீன் வெளிறுவது உண்மைதான் என்பதால் இந்தப் பதிலை மறுத்துப் பேசுவது கடினம். புதிய மீன்களைத் தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். அங்கே, ஒரு மீனின் முதுகுத் துடுப்படியில் வெள்ளை நூல் போன்ற ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அதன் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது. அது லெர்னியா என்னும் நங்கூரப் புழு. அந்தப் பிளவுபட்ட நுனி அதன் முட்டைப் பைகள். ஏரி, மண்குளங்களின் மீன்களில் இந்தப் புழு சாதாரணம். கண்ணாடித் தொட்டியில் பிறந்து வளர்ந்ததாகச் சொல்லப்பட்ட குஞ்சின் உடம்பில் அது எப்படி ஏறியது என்பதற்குக் கடைக்காரர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அடுத்த சில வாரங்களில் மீன்கள் கிடுகிடுவென நீண்டன. பாசியோடு தப்பி அந்தத் தொட்டிக்கு வந்திருந்த இறால்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வாங்கியவை நம் ஏரிகளில் திரியும் பாஞ்சாக்ஸ் வகை, அதாவது ஆப்லோகைலஸ் பேரினம் என்பதில் அதற்குப் பிறகு ஐயமே இல்லை. கிளவுன் கில்லியின் உடலை நான்கு அகலமான கரும்பட்டைகள் சுற்றியிருக்கும்; ஆணின் வால் நீலமும் சிவப்புமாக நடுவில் கூர்ந்து நீண்டிருக்கும், அதனால்தான் அதை ராக்கெட் கில்லி என்றும் சொல்கிறார்கள். பாஞ்சாக்ஸில் ஓர் இனமான கோடுள்ள பாஞ்சாக்ஸின் குஞ்சுக்கோ உடலின் பின்பாதியில் மெல்லிய குறுக்குக் கோடுகள் பல இருக்கும். கடையின் மங்கலான விளக்கில் இந்தக் கோடுகளைத்தான் 'பட்டை' என்று காட்டுகிறார்கள். பாஞ்சாக்ஸின் தலை மேற்புறம் தட்டையாக இருக்கும், வாய் மேல்நோக்கி அகலமாகத் திறக்கும், தொட்டியை மேலிருந்து பார்த்தால் உச்சந்தலையில் ஒரு பளிச்சென்ற புள்ளி தெரியும். கோடுள்ள பாஞ்சாக்ஸ் 10 சென்டிமீட்டர் வரை வளரும். வாயில் அடங்கும் எதையும் அது விட்டுவைக்காது. கடைகளில் 'கோல்டன் வொண்டர்' என்று விற்கப்படும் மஞ்சள் மீனும் இதே இனத்தின் நிற வகைதான் என்பதால், அதைச் சாதுவான சிறு கில்லி என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பாஞ்சாக்ஸை நான் குறை சொல்லவில்லை. கொசுப்புழுவைத் தேடித் தின்னும் கெட்டிக்கார மீன் அது. அதன் பெயரைச் சொல்லி 30 ரூபாய்க்கு விற்றிருந்தால் மொட்டைமாடித் தொட்டிக்கு நானே கேட்டு வாங்கியிருப்பேன்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு துப்பு இருந்தது. "எந்த போர் தண்ணியிலயும் வளரும்" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். கிளவுன் கில்லி மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரை விரும்பும் மீன். கடலோரமான நம் இரு ஊர்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பது ஊரறிந்த செய்தி. அந்த நீரை ஆர்ஓ நீரோடு கலந்து டிடிஎஸ் எனப்படும் கரைந்த உப்புகளின் அளவைக் குறைக்காமல் இந்த மீனை வளர்க்கச் சொல்பவர், ஒன்று அதை வளர்த்தறியாதவர், அல்லது வேறு மீனை விற்பவர். எனக்கு அவர் விற்ற மீனைப் பொறுத்தவரை அந்த ஒரு வாக்கியம் மட்டும் உண்மை!

கடலூர் முதுநகரில் உள்ள நண்பர் ஒருவருக்கு இதே கடையில் வேறு விதமான அனுபவம். அவருக்கு 'நோத்தோ' எனப்படும் நோத்தோபிராங்கியஸ் ஜோடியை மூன்று ஆண்டு வாழும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் மழைக்காலக் குட்டைகளில் பிறந்து, குட்டை வற்றுவதற்குள் சேற்றில் முட்டையிட்டு மடியும் மீன் அது. தொட்டியில் நன்றாகப் பராமரித்தாலும் பெரும்பாலும் ஓராண்டுக்குள் ஆயுள் முடிந்துவிடும். முழு நிறத்தோடு வந்த அந்த ஆண் மீன் சில வாரங்களில் முதுமையால் இறந்தது.

நான் கடைக்குத் திரும்பச் சென்றபோது, "உயிருள்ள சரக்கு வாபஸ் இல்லை" என்ற பலகையைக் காட்டினார்கள். கையில் கொடுத்த துண்டுச் சீட்டில் 'மீன் - 4' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைதான். எனவே கில்லி வாங்குவோர், மீனின் அறிவியல் பெயரையும் எண்ணிக்கையையும் பில்லில் எழுதி வாங்குங்கள், தாய் மீன்களை நேரில் காட்டச் சொல்லுங்கள், பேசிய செய்திகளை அழிக்காமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய படமும், என் தொட்டியில் எடுத்த படங்களும் இருந்ததால்தான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் என்னால் புகாரைப் பதிய முடிந்தது. கடை புதுச்சேரியில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அச்சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் இல்லை. உதவி எண் வழியாகப் பணம் திரும்பாவிட்டால் கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க இருக்கிறேன். இதே கடையில் இதே பெயரில் மீன் வாங்கியவர்கள், பணம் அனுப்பிய சான்றையும் மீனின் பக்கவாட்டுப் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு தனித்தனியாகப் புகார் செய்யுங்கள்.