ஆரையம்பதிச் சோறு கல்லடிக்கு வந்த கதை

லண்டனிலிருந்து மட்டக்களப்புக்கு, ஊருக்குப் போய் வந்ததில் மற்றதெல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு மட்டும் இன்னும் மனதை அறுக்கிறது.

அம்மாவுக்கு இப்போது அடுப்படியில் நின்று சமைக்க ஏலாது. ஆரையம்பதியில் ஒரு அக்கா வீட்டிலேயே சமைத்துப் பார்சல் கொடுக்கிறார், போனில் ஓடர் போட்டால் கொண்டுவந்து தர ஒரு கம்பனியும் இருக்கிறது என்று மச்சாள் சொன்னார். வெள்ளி என்பதால் மரக்கறி: முருங்கைக்காய்ப் பால்கறி, பருப்பு, வல்லாரைச் சம்பல், சொதி. பன்னிரண்டரைக்குக் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வரும் என்று போன் காட்டியது.

வந்தது மூன்று மணிக்கு.

இடையில் முஸ்லிம் ஊரான காத்தான்குடி. ஜும்ஆ என்ற வெள்ளி மத்தியானத் தொழுகை நேரத்தில் அந்தப் பிரதான வீதி எப்படி இருக்கும் என்று நம் ஊர்ச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கொண்டுவர வேண்டிய தம்பியும் தொழப் போயிருந்தார். போகத்தானே வேண்டும், அவரில் ஒரு பிழையுமில்லை. இதெல்லாம் தெரியாமல் அந்த நேரத்துக்கு ஓடர் எடுத்த கம்பனியில்தான் என் கோபம். பிறகு புறப்பட்டவரையும் போன் வரைபடத்தில் இருந்த புள்ளி வாவிக்கரையில் வேறொரு ஒழுங்கைக்குக் கூட்டிப் போய்விட்டது. முந்தியென்றால் கோயிலடியில் அப்பாவின் பேரைச் சொன்னால் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விடுவார்கள்.

மாத்திரை போட வேண்டிய அம்மா பிஸ்கட்டோடு இருந்தார். பெட்டியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் முழுக்க வேர்த்து, தண்ணீர் சோற்றில் சொட்டியிருந்தது. பால்கறியில் புளித்த மணம். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் தள்ளிவைத்தார்.

மச்சாளிடம் நம்பர் வாங்கி அந்த அக்காவுக்கே எடுத்தேன். "ஐயோ தம்பி, குறை நினைக்காதீங்க. நான் பன்னிரண்டு மணிக்கு முந்தியே போட்டு வெச்சிட்டன். வாழையிலையில கட்டினா எடுக்க மாட்டாங்களாம், பெட்டியிலதான் போடணுமாம்" என்றார். 2017இல் சோறு கட்டும் மெல்லிய பொலித்தீன் தாளான லன்ச் ஷீட்டை அரசாங்கமே தடை செய்தபோது வாழையிலைக்குத் திரும்பியவராம் அவர். இப்போது மறுபடி பிளாஸ்டிக், அதுவும் அவர் காசில். ஒரு பார்சல் 450 ரூபாய். அதில் காற்பங்கு கம்பனிக்கு. தேங்காய் 200 ரூபாய் விற்ற அந்த நேரத்தில் அவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

ஒரு மணித்தியாலத்தில் அவருடைய கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். வாட்டிய இலையில் புதிதாக வடித்த சோறு, புதிதாக வைத்த பால்கறி. கட்டை அவிழ்த்ததும் இலை மணமும் தேங்காய்ப்பால் மணமும் சேர்ந்து வந்தன. அம்மா இலையை வழித்துச் சாப்பிட்டார். எவ்வளவு சொல்லியும் அக்காவின் கணவர் காசு வாங்கவில்லை. லண்டனில் பிழையான சாப்பாடு வந்தால் பணம் திரும்பி வரும், ஆனால் சமைத்தவர் யாரென்றே தெரியாது.

லண்டன் நல்லதில்லை என்று சொல்ல வரவில்லை. அங்கே வீட்டில் சமைத்து விற்பதென்றால் தொடங்க 28 நாளுக்கு முன்பே கவுன்சிலில் பதிய வேண்டும், அடுப்படியை வந்து பார்த்து 0 முதல் 5 வரை தரம் போடுவார்கள். அப்படியொன்று நம்மூருக்கும் வேண்டும். கலிஃபோர்னியாவில் 2018இல் வீட்டுச் சமையல் விற்கச் சட்டம் போட்டபோது ஒரு வீட்டுக்கு நாளுக்கு 30 சாப்பாடு, வாரத்துக்கு 60 என்று மட்டுப்படுத்தினார்கள். சமைத்த அன்றைக்கே கொடுத்துவிடவும் வேண்டும். ஒரு வீட்டு அடுப்பு எவ்வளவு தாங்கும் என்று யோசித்துப் போட்ட கணக்கு அது. நம்மூர்க் கம்பனிக்கோ எல்லா ஓடரும் பன்னிரண்டரைக்கு, எல்லாத் தூரமும் ஒன்று. தேங்காய்ப்பால் விட்ட கறி அந்த வெயிலில் எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்று ஒரு அம்மாவிடம் கேட்டிருந்தாலே போதும்.

அக்கா இப்போது கம்பனியை விட்டுவிட்டார். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் பக்கத்துத் தெருவில் யார் சமைத்துக் கொடுக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். காலை எட்டு மணிக்கு முன் சொல்லிவிடுங்கள், காசை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.