செட்டிநாட்டு வேர்வைக்கு ஸ்டீலா, டைட்டானியமா? மூணு டைவ் வாட்ச் கட்டிப் பாத்த அனுபவம்

எங்க அப்பச்சி இடது மணிக்கட்டுல ஒரு ரூவாக் காசு அகலத்துக்குக் கருத்துப்போன தடம் ஒண்ணு இருக்கு. சிங்கப்பூர்ல இருந்தப்ப வாங்குன ஸ்டீல் வாட்ச், முப்பது வருசத்துக்கு மேல கட்டுனாக. சித்திரை பொறந்தா பின்மூடி பட்ட எடம் செவந்து அரிக்கும், ஆத்தா தேங்காண்ணெ தடவி விடுவாக, ரெண்டு நாள் கழட்டி வச்சுட்டு மறுபடி அதையே எடுத்துக் கட்டிக்கிருவாக. நிக்கல் ஒத்துக்கலன்னு டாக்டர் சொன்ன பெறகுதான் எனக்கு வெளங்குச்சு. வாட்ச்சுக்குப் போடுற 316எல் ஸ்டீல்ல நூத்துக்கு 10லருந்து 14 பங்கு நிக்கல் இருக்கு. முக்காவாசிப் பேருக்கு அது ஒண்ணும் செய்யாது, ஆனா உப்பு வேர்வை மூடிக்கும் தோலுக்கும் நடுவுல தேங்கி நின்னா கொஞ்சம் கசியும், ஒத்துக்காத ஒடம்புக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

அதனாலதான் தண்ணிக்குள்ள முங்குறவுகளுக்குன்னு செய்யிற டைவ் வாட்ச்ல விலை கட்டுப்படியாகுற மூணை எடுத்து மாத்தி மாத்திக் கட்டிப் பாத்தேன். கேசியோ டியூரோவும் ஓரியன்ட் கமாசும் ஸ்டீலு, மூணாவது சிட்டிசன் ப்ரோமாஸ்டர்ல வெளிச்சத்துல ஓடுற டைட்டானியம் எக்கோ டிரைவ். மூணுலயும் 200 மீட்டர் ஆழத் தண்ணி தாங்கும்னு போட்டிருக்கும், மூணுலயும் சாவிய திருகிப் பூட்டணும், பெசல், அதாவது கண்ணாடியச் சுத்தியிருக்க வளையம், ஒரு பக்கமாத்தான் சுத்தும். குடிதண்ணி ஊருணில நம்ம யாரும் கால்கூட நனைக்க மாட்டோம், குளிக்கிறது கண்மாய்லயும் கெணத்துலயும், வருசத்துக்கு ஒருக்கா தொண்டிக் கடல்ல, அதுக்கு 200 மீட்டர் தாராளம். தண்ணி உள்ள போறது மீட்டர் கம்மியானதால இல்ல, ரப்பர் வாஷர் சரியா உக்காராததாலதான். என் டியூரோவுக்கு செல் மாத்தக் குடுத்த கடையில வாஷர முறுக்கிவிட்டபடியே மூடிட்டாங்க, அன்னைக்கு சாயங்காலமே கெணத்துல குதிச்சேன், ஏறி வந்து பாத்தா கண்ணாடிக்குள்ள 3 மணிப் பக்கம் பனி பூத்த மாதிரி இருந்துச்சு. வாட்ச் மேல குத்தமே இல்ல, வாஷர் மாத்தி கிரீஸ் போட்டதும் இன்னிக்கு வரைக்கும் ஓடுது.

டியூரோ மூணுலயும் விலை கம்மி. குவார்ட்ஸ் மிஷின், செல் மூணு வருசம் வரும், நேரம் தப்பாது. 44 மில்லி அகலக் கேஸ் (வெளிக்கூடு), மெலிஞ்ச கைக்கு கொஞ்சம் பெருசாத் தெரியும், கண்ணாடி சாதா மினரல்தான். மொத டைவ் வாட்ச் வாங்குறவுகளுக்கு நான் யோசிக்காம சொல்றது இதத்தான்.

கமாசு வேற ருசி. சபையர் கண்ணாடி, 42 மில்லிக்கு மயிரிழை கம்மி, கை ஆடுனா தானே சாவி ஏறிக்கிற எஃப்6922 மிஷின். அந்தச் செவப்பு டயல் மேல காலை வெயில் பட்டா ஆத்தங்குடிக் கல்லுல தண்ணி தெளிச்சு விட்டாப்புல இருக்கும், அதுக்காகவே நான் வச்சிருக்கேன். ஒரு நாளைக்கு 15 செகண்ட் கொறையலாம், 25 செகண்ட் கூடலாம்னு கம்பெனியே சொல்லுது, அது ஒத்துக்கிட்டா அருமையான வாட்ச். (இதே பட்ஜெட்டுல சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் பாக்குறவுக ஒண்ணு கவனிங்க, சீக்கோவோட பழைய எஸ்கேஎக்ஸ் டைவ் வாட்ச் மாதிரியே இருக்கும், ஆனா அது 200 மீட்டரும் திருகு சாவியும் உள்ள நெஜ டைவர், இது 100 மீட்டரு, சாவி சும்மா அமுக்குறது.) கமாசுல எனக்குள்ள கொற கனந்தான். ஆசாரி தராசுல வச்சப்ப செயினோட 150 கிராமுக்குக் கிட்ட, டைட்டானியம் சிட்டிசன் 100 கிராமை ஒட்டி நின்னுச்சு, இத்தனைக்கும் சிட்டிசன்தான் பெரிய வாட்ச். ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் 8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், அந்த வித்தியாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு கை ஊதி வேர்த்திருக்கப்போதான் நல்லாத் தெரியும்.

இப்ப டைட்டானியத்தப் பத்தி நெறையப் பேரு தப்பா நெனைக்கிறது ஒண்ணு. பேரக் கேட்டதும் கீறலே விழாதுன்னு நெனைக்கிறாக. கிரேடு 2ங்கிற சுத்த டைட்டானியம் கடினத்துல ஸ்டீலுக்கு ஒண்ணும் ஒசத்தி இல்ல, கடினத்த அளக்குற விக்கர்ஸ் கணக்குல ரெண்டும் 150, 200க்குள்ளதான். நான் முன்னாடி வச்சிருந்த பூச்சில்லாத கிரேடு 2 வாட்ச் ஒண்ணு கெணத்து மேட்டுக் கருங்கல்லுல லேசா ஒரசுனதுக்கே பளிச்சுன்னு கோடு விழுந்துச்சு, பெறகு நாளாக நாளாக ஆக்சைடு படிஞ்சு அந்தக் கோடு மங்கிருச்சு. அலுமினியமும் வனேடியமும் கலந்த கிரேடு 5 சுமார் 350 வரும். சிட்டிசன் மேல போடுற டியூராடெக்ட் பூச்சு 1000த்தத் தாண்டும், அதான் என் வாட்ச் அதே கருங்கல்லுல பட்டும் தப்பிச்சுது. ஆனா பூச்சு மெல்லிசு, பலமா இடிச்சா உள்ள இருக்க உலோகம் அமுங்கும்.

துரு விசயத்துலதான் டைட்டானியத்த அடிச்சுக்க ஆளில்ல. காரைக்குடிக்காரங்களுக்கு இது புதுசும் இல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூவாயும் குடுத்து 1953ல தொறந்த நம்ம சிக்ரியிலதான் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்), காஸ்டிக் சோடா ஆலைங்களுக்கு கிராஃபைட்டுக்குப் பதிலா டைட்டானியத் தகட்டுல பூச்சுப் போட்ட ஆனோடு, அதாவது உப்புத் தண்ணிக்குள்ள கரண்டு பாய்ச்சுற நேர்மின்வாய், செஞ்சாக. உப்புத் தண்ணிக்குள்ள கரண்டும் குளோரினும் சேந்து அரிக்கிற தொட்டியிலயே தாங்குற உலோகத்துக்கு நம்ம வேர்வை எம்மாத்திரம். விலை ஏன் கூடன்னா, மணவாளக்குறிச்சிக் கருமணல்லயே இதோட தாது கெடக்கு, ஆனா அதை குளோரின்ல மாத்தி, மெக்னீசியம் வச்சுப் பிரிச்சு உலோகமாக்குறதுக்குள்ள செலவு ஏறிருது.

அதுக்காக ஸ்டீல மட்டமாப் பேச மாட்டேன். 1983ல ஆஸ்திரேலியாவுல லாங் ரீஃப் கடற்கரையில, மேலெல்லாம் கப்பலடியில ஒட்டுற கொட்டலசு ஒட்டி ஓடிக்கிட்டே கெடந்த சிட்டிசன் வாட்ச் ஸ்டீலுதான், அதோட மறுபதிப்பத்தான் இப்ப டைட்டானியத்துல விக்கிறாக. தோலுக்கு ஒத்துக்குது, கனம் பழகிருச்சுன்னா கமாசு வாங்குங்க, மனசு நெறையும்.

அப்பச்சிக்கு நான் வாங்குனது டைட்டானியம் எக்கோ டிரைவ். வெளிச்சத்துலயே சார்ஜ் ஏறிக்கிரும், செல் மாத்த மூடியத் தொறக்க வேண்டியதில்ல, வாஷர் தொல்லையும் அந்தளவுக்குக் கொறையும். கையில வச்சுப் பாத்துட்டு, "என்னப்பா, கனமே இல்லையே, உள்ள மிஷின் இருக்கா?"ன்னு கேட்டாக. "கட்டிப் பாருங்க அப்பச்சி"ன்னேன். சித்திரை வைகாசி ரெண்டும் போயிருச்சு, செவக்கவே இல்ல, தேங்காண்ணெயும் தேவைப்படல.

அரிப்புக்காக வாங்குறவுக கடையில ஒண்ணு மட்டும் பாத்துருங்க. கேஸ் டைட்டானியம்னு சொல்லிட்டு பின்மூடிய ஸ்டீல்ல போட்டிருக்க வாட்ச்சும் இருக்கு, தோல்ல படுறது அந்த மூடிதான். திருப்பிப் பாத்தா எந்த உலோகம்னு பொடி எழுத்துல வெட்டிருக்கும், அப்பச்சிக்கு வாங்குறப்ப டயலுக்கு முன்னாடி நான் அதத்தான் படிச்சேன்.