கொடை நோட்டீஸும் கேள்விக்குறியும்: பழைய கோப்புப் பட்டியலுக்கு எது மாற்று?

பாளையங்கோட்டையில் ஒரு அச்சகம். கோயில் கொடை (திருவிழா) தொடங்கிவிட்டால் நோட்டீஸ் வேலை குவியும். அங்கே ஓடும் மென்பொருள் விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதியது. போன மாதம் அண்ணாச்சி கூப்பிட்டார்: “தம்பி, சுடலைமாடன் கோயில் ஃபைலைக் காணலியே. வரிசையா கேள்விக்குறிதான் நிக்கு.”

ஃபைல் எங்கும் போகவில்லை. டிரைவ், டைரக்டரி, ஃபைல் என்று அந்தக் காலத்து மூன்று பட்டியல் பெட்டிகள் திரையில் இருக்கின்றன. இவை ஆன்சி என்ற பழைய எழுத்துமுறையில் வேலை செய்பவை. விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி கோட்பேஜே (எழுத்து அட்டவணையே) கிடையாது, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் மட்டும்தான். ஆகவே தமிழ்ப் பெயர் வந்தால் கேள்விக்குறிதான். போதாததற்கு, கார்டு போடாத கார்டு ரீடரைத் தேர்ந்தெடுத்தால் பிழை 68 (சாதனம் கிடைக்கவில்லை). புதிதாகச் சேமித்த ஃபைல் ரிஃப்ரெஷ் கொடுக்காமல் பட்டியலில் வராது. ஆங்கிலப் பெயர் மட்டும் வைக்கும் கடைக்கு இதை அப்படியே விட்டுவிடலாம்.

பலரும் அடுத்துப் போவது காம்டிஎல்ஜி32 ஓசிஎக்ஸ், அதாவது மென்பொருளோடு தனியாகச் சேர்க்கிற ஒரு துணைக்கூறு. விண்டோஸின் வழக்கமான ‘ஓப்பன்’ ஜன்னல் வந்துவிடும், பார்க்க அழகு. ஆனால் புதுக் கணினியில் அது பதிவாகவில்லை என்று பிழை 339 வந்து நிற்கும். 64 பிட் விண்டோஸில் அதை சிஸ்வாவ்64 ஃபோல்டரில் போட்டு, அட்மின் உரிமையோடு அதைப் பதிவுசெய்ய அங்குள்ள ரெக்எஸ்விஆர்32 கருவியை ஓட்ட வேண்டும். (64 என்று பெயர் இருக்கிற ஃபோல்டரில் 32 பிட் ஃபைல்கள், 32 என்று இருப்பதில் 64 பிட் ஃபைல்கள். யார் வைத்த பெயரோ!) இவ்வளவு பாடுபட்டும் ஃபோல்டரை மட்டும் தேர்ந்தெடுக்க அதில் வழியில்லை, தமிழ்ப் பெயரும் கேள்விக்குறிதான்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: அந்த ‘ஓப்பன்’ ஜன்னலைக் கொண்டுவரும் விண்டோஸின் சொந்தச் சார்பான கெட்ஓப்பன்ஃபைல்நேம் ஏபிஐயின் டபிள்யூ (யூனிகோட்) வடிவத்தை நேரடியாக அழைப்பது. ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) அதன் நினைவக முகவரியைத் தரும் ஸ்ட்ர்பிடிஆர் (StrPtr) வழியே கொடுத்தால் தமிழ்ப் பெயர் முழுசாக வந்து சேரும். எந்த ஓசிஎக்ஸும் வேண்டாம். ஆனால் பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். பெயர் சரியாக வந்தாலும், விஷுவல் பேசிக்கின் ‘ஓப்பன்’ கட்டளையும் ‘டிர்’ சார்பும் அதைத் திரும்ப ஆன்சிக்கு மாற்றிவிடும். பழையபடி கேள்விக்குறி, ஃபைல் திறக்காது. அதனால் திறக்கிற வேலையை யூனிகோட் பெயர் புரிகிற ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் என்ற விண்டோஸ் கூறிடம் விடுங்கள். பெயரை லேபிளில் காட்டினாலும் அதே கதைதான், பதற வேண்டாம்.

விஷுவல் பேசிக் 6-க்கு அடுத்து வந்த மைக்ரோசாஃப்ட் தளமான டாட்நெட்டுக்கு மாறினால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. டாட்நெட் கோர் 3.0 முதல் ஃபோல்டர் தேர்வு ஜன்னலும் விஸ்டா பாணியில் வந்துவிட்டது, பழைய ஃபிரேம்வொர்க்கில் சின்ன மரம்போல விரியும் ஜன்னல்தான். புது வேலை என்றால் யோசிக்காமல் இதையே எடுப்பேன். ஆனால் ஓடுகிற மென்பொருளை முழுசாகத் திருப்பி எழுத வேண்டும், கொடை சீசனில் அண்ணாச்சியிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

மூன்றாவது வழியைத்தான் போட்டுக் கொடுத்தேன். ஒரு சாயங்கால வேலை.