கும்பினி மஸ்கட் மாதிரி: பாஞ்சாலங்குறிச்சிக் களத்துக்குத் தேறுமா?

கட்டபொம்மன் விழா, ஊமைத்துரை நாடகம், பூலித்தேவன் ஊர்வலம் என்று நெல்லைச் சீமையில் கும்பினிச் சிப்பாய் வேடம் கட்டாத வருஷம் கிடையாது. உடுப்பை எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறார்கள். துப்பாக்கியில்தான் மானம் போகிறது. 1799இல் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்த மேஜர் பானர்மேனின் ஆட்கள் கையில் என்.சி.சி. டம்மி, அதுவும் போல்ட் வைத்த மாடல்! கிட்டத்தட்ட நூறு வருஷம் பிந்திய சாமான் அது.

இதற்கு மாற்றாக டேராடூன் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து வருகிற ‘இந்தியா பேட்டர்ன்’ பிரவுன் பெஸ் மாதிரியை, அதாவது கும்பினிச் சிப்பாய்கள் தூக்கிய, கல்லை எஃகில் தட்டிப் பொறி வரவழைக்கும் மஸ்கட் துப்பாக்கியின் நகலை, சில குழுக்கள் வாங்கத் தொடங்கியிருக்கின்றன. வெளிநாட்டில் பழங்காலப் போர் வேடம் கட்டுகிறவர்களுக்கு ஏற்றுமதியாகும் சரக்கின் உறவுதான். வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு களத்தில் இறக்க முடியாது. ஒரு கொல்லனும் ஒரு தச்சாசாரியும் கை வைத்த பிறகுதான் அது உருப்படும். அந்தக் கூலியையும் சேர்த்தே விலையைக் கணக்குப் போடுங்கள்.

முதலில் உருவம். குழல் 39 அங்குலம், முழு நீளம் 55 அங்குலம், வாய் முக்கால் அங்குலம். கட்டபொம்மன், ஊமைத்துரை கதைகளுக்கு இதுதான் சரியான அளவு. 46 அங்குலக் குழல் வைத்த மாடலையும் இதே பட்டறைகள் தருகின்றன. பார்க்க எடுப்பாக இருந்தாலும் அது அதற்கு இரண்டு தலைமுறை முந்தியது. அசலின் எடை சுமார் 4.4 கிலோ, மாதிரி 4.8 கிலோவைத் தொடுகிறது. வால்நட்டுக்குப் பதில் ஷீஷம் அல்லது தேக்குக் கட்டை போட்டு, கைப்பிடிப் பக்கம் செதுக்காமல் தடிமனாக விட்டுவிடுவதே காரணம்.

ஆர்டர் கொடுக்கும்போதே குதிரையின், அதாவது விசையை இழுத்ததும் பாய்ந்து தட்டும் சுத்தியலின், வடிவத்தைச் சொல்லிவிட வேண்டும். கல்லைக் கவ்வும் குதிரையின் கழுத்து அன்னக் கழுத்து போல வளைந்து மெலிந்திருந்தால் 1799, 1801 கதைகளுக்குப் பொருந்தும். கழுத்தில் வளையம் வைத்துக் கனமாக்கிய குதிரை 1809க்குப் பிறகு வந்தது. எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் வளையக் குதிரைதான் வரும். விசைத் தகட்டில் கிரீடமும் ‘டவர்’ என்ற எழுத்தும் இருந்தால் அது அரசர் படையின் சாமான். கும்பினிச் சரக்கில் இதய வடிவ முத்திரை இருக்கும், சிங்க முத்திரை 1808இல்தான் வந்தது. பத்தடி தள்ளி நிற்கிறவர் கண்ணுக்கு இது தெரியாது. பள்ளிக்கூடக் கண்காட்சியில் மேசைமேல் வைத்தால் தெரியும்.

இனி விசைப் பொறி. இந்தத் துப்பாக்கியின் உயிரும் நோவும் அங்கேதான். பொட்டலத்தைப் பிரித்ததும் குதிரையைப் பாதி ஏற்றி, முதல் ‘டக்’ வந்ததும் நிறுத்தி, விசையைப் பலமாக இழுங்கள். குதிரை அசையக்கூடாது. விழுந்தால் உள்ளேயிருக்கும் வெட்டுப் பல் ஆழமில்லை என்று அர்த்தம். அதை அரத்தால் நீங்களே ராவிப் பார்க்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த குறை, கல் உரசுகிற எஃகுத் தகடு. பத்து முறை தட்டினால் தீப்பொறி வருவது நின்றுவிடும், தகட்டில் நெட்டுக்குத்தாகப் பள்ளம் விழும். கல்லின்மேல் பழி போடுவார்கள், பிழை தகட்டில். மேல்தோல் கடினமாகாத இரும்பு அது. நல்ல அரத்தை அதன்மேல் ஓட்டினால் வழுக்க வேண்டும், கடித்தால் தகடு மெது. மெது இரும்பைச் சும்மா காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கெட்டிப்படாது, அதில் கரி போதாது. பேட்டை தொழிற்பேட்டையில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் இடம் கிடைத்தால் ‘கேஸ் ஹார்டனிங்’ என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். கொல்லன் உலையிலும் செய்யலாம். தகட்டை எலும்புக் கரியோடும் அடுப்புக்கரித் தூளோடும் இரும்பு டப்பாவில் இறுக்கி, களிமண் பூசி, செக்கச் சிவந்த சூட்டில் ஒன்றரை மணி நேரம் வைத்து, அப்படியே தண்ணீரில் கொட்ட வேண்டும். பிறகு தகட்டின் கீழ்க் காலை மட்டும் நீலம் பாரிக்கும்வரை சூடு காட்டி இளக்குங்கள். அதை விட்டால் பத்தாவது தட்டில் கால் முறியும்.

கல்லுக்கு வருவோம். நம் காட்டில் கிடைக்கும் வெங்கச்சங்கல்லில் பொறி வரும், ஆனால் பொடிந்து உதிர்ந்து தகட்டையும் தின்றுவிடும். பட்டறைக்காரர் கூட அனுப்பும் அறுத்த அகேட் கல் ஒத்திகைக்குப் போதும். விளிம்பு நேராக, சுமார் ஓர் அங்குல அகலத்தில் இருக்கட்டும். மெல்லிய தோலிலோ ஈயத் தகட்டிலோ சுற்றிக் குதிரை வாயில் இறுக்குங்கள், வெறும் கல்லை வைத்தால் திருகு எவ்வளவு முறுக்கினாலும் நழுவும். அணிவகுப்புப் பழகும் நாள்களில் கல்லைக் கழற்றிவிட்டு அதே அளவு மரச்சில்லு வையுங்கள். கல்லும் மிஞ்சும், தகடும் மிஞ்சும்.

நல்ல பொறி வர ஆரம்பித்ததும் புது ஆபத்து. ஓலைப் பந்தல், வைக்கோல் படப்பு, சீரியல் செட் துணி, எதற்கும் நாலு கஜம் தள்ளி நில்லுங்கள். தகட்டுக்கடியில் பொறி விழும் மருந்துக் கிண்ணத்தில் மத்தாப்புத் தூளைப் போடலாம் என்று யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார். கூடாது. வரிசையில் பக்கத்தில் நிற்பவரின் கண் கிண்ணத்துக்கு ஒரு முழம் தூரத்தில்தான் இருக்கும். வெடிச் சத்தத்துக்கு ஸ்பீக்கர் போதும்.

சட்டம் சுருக்கம். இந்த மாதிரிகள் குழலுக்கும் கிண்ணத்துக்கும் இடையே தீ உள்ளே போகும் பற்றுத் துளை போடாமல் வருகின்றன. ‘ஒரு சின்ன ஓட்டைதானே’ என்று லேத்தில் துளைத்தால் அந்த நிமிஷமே அது நாட்டுத் துப்பாக்கி. 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். துளை இல்லாததை ஊர்வலத்தில் கொண்டுபோவதானாலும் எத்தனை உருப்படி, என்ன அடையாளம் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தடையுத்தரவு இருக்கும் நாளில் மர டம்மியைக்கூட வெளியே எடுக்காதீர்கள்.

கட்டையின்மேல் கண்ணாடி மாதிரி வார்னிஷ் பூசி அனுப்புகிறார்கள், வெயிலில் பளபளத்து போட்டோவைக் கெடுக்கிறது. பெயின்ட் ரிமூவரால் உரித்து, 180, பிறகு 240 நம்பர் தாள் தேய்த்து, லின்சீட் ஆயிலைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசுங்கள். நாளுக்கு ஒரு கை, ஐந்து கை. தேக்காக இருந்தால் முதலில் தின்னரால் துடைக்க வேண்டும், தேக்கின் எண்ணெய் லின்சீட்டைக் காயவிடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம், மாசக்கணக்கில் பிசுபிசுக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் கொடியில் விரித்துப் போடுங்கள். சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

குழலைக் கட்டையோடு பிடித்திருப்பவை குறுக்கு ஊசிகள். சுத்தம் செய்கிறேன் என்று மாசாமாசம் கழற்றினால் ஊசித் துளை அகன்று குழல் ஆடத் தொடங்கும். வருஷத்துக்கு ஒரு தரம் போதும். துருவைத் தடுக்கத் தையல் மெஷின் எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகி விசைப் பொறியைப் பிடித்துக்கொள்ளும். தூத்துக்குடிப் பக்கம் கடற்காற்றில் நிகழ்ச்சி என்றால் அன்று ராத்திரியே துடைத்தாக வேண்டும், காலையில் பார்த்தால் கைரேகை துருவாகப் பதிந்திருக்கும்.

குழல் முனையில் மாட்டும் குத்தீட்டியான பயனெட்தான் இந்தச் செட்டில் மோசமான பொருள். 17 அங்குல முக்கோண அலகு, வடிவம் சரி. குழலில் மாட்டும் உறை ஒன்றில் இறுக்கம், ஒன்றில் தொளதொள. அந்தக் காலத்திலேயே ஒவ்வொன்றையும் அதனதன் துப்பாக்கிக்குப் பொருத்தித்தான் கொடுத்தார்கள். நீங்களும் பொருந்தும் ஜோடிக்கு ஒரே எண் குத்தி வைத்துவிடுங்கள். அதைப் பூட்டும் சிறு கட்டி சில குழல்களில் ஈயப் பற்றோடு நிற்கிறது, வெள்ளிப் பற்று வைக்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் சல்யூட் வைக்க மட்டும் இரும்பு பயனெட், ஓடிப் பாயும் காட்சிக்கு ரப்பர். முனையை எப்படியும் மழுக்கிவிட வேண்டும். இடிகம்பியையும் காட்சியில் உருவ வேண்டாம். அவசரத்தில் குழலிலேயே விட்டுவிடுகிறவர் எல்லாக் குழுவிலும் உண்டு.

தோள்வார் பரவாயில்லை ரகம். வெள்ளைப் பூச்சு வியர்வையில் வெடித்துவிடுகிறது, என்.சி.சி. பசங்கள் பூசும் பிளாங்கோவைத் தடவினால் சரியாகிவிடும்.

இருபது பேர் வரிசைக்கு இருபதும் வாங்குவது வீண் செலவு. முன்னால் நிற்கும் ஆறு பேருக்கு இதைக் கொடுங்கள். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரை தப்பும் காட்சியில் காவலர் கையிலிருந்து பிடுங்கவும் இதுவே பொருத்தம், பொய்ச் சாமான் கிட்டத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பின்வரிசைக்கு வேப்பங்கட்டையில் 55 அங்குல நீளத்துக்குச் செதுக்கி, அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பைப் பதித்தால் போதும். அந்தப் பைப்பின் வெளிவிட்டம் 21 மில்லிமீட்டர், அசல் குழலின் வாய்ப்பக்கத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும்.