பதவியா, மதிப்பா: ஒரு குழுவை எதை வைத்து நடத்துவது?

ஒன்பது பேர் கொண்ட கணக்குக் குழுவுக்குப் பொறுப்பேற்றபோது என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பதவி தரும் அதிகாரம். இன்னொன்று, வேலை தெரிந்தவர், நம்பலாம் என்று குழுவே தருகிற மதிப்பு. முதல் வருடம் பதவியை வைத்தே ஓட்டினேன். அப்புறம் மாறினேன். இன்று நான் முழுக்க இரண்டாவதன் பக்கம்.

ஜான் ஃபிரெஞ்ச், பெர்ட்ராம் ரேவன் என்ற இரு உளவியலாளர்கள் 1959-இல் அதிகாரத்தை ஐந்து வகையாகப் பிரித்தார்கள்: பதவி, வெகுமதி, தண்டனை, நிபுணத்துவம், ஒருவர்மேல் உள்ள பற்று. முதல் மூன்றும் பெரும்பாலும் நாற்காலியோடு வரும், நாற்காலியோடு போகும். கடைசி இரண்டும் ஆளோடு இருக்கும்.

பதவிக்கு வேகம் உண்டு, முதல் நாளே வேலை செய்யும். மதிப்பு வர மாதக்கணக்கில் ஆகும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் முடிவை மாற்றியது பராமரிப்பு, அதாவது ஒரு அதிகாரத்தைத் தொடர்ந்து நிலைக்க வைக்க ஆகும் செலவு. தண்டனைக்குப் பயந்து செய்கிற வேலை, கண்காணிப்பு இருக்கும்வரைதான் நடக்கும். பயந்தவர்கள் முதலில் மறைப்பது தவறுகளைத்தான். ஒரு பில் இரண்டு முறை பதிவானது எங்கள் குழுவில் மூன்று வாரம் எனக்குத் தெரியவே இல்லை. கண்டுபிடித்தது வாடிக்கையாளர்.

மதிப்புக்கும் பராமரிப்புச் செலவு உண்டு: பழியை நாம் ஏற்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில், 1944-இல் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் தரையிறங்குவதற்கு முன், அது தோற்றால் வெளியிடுவதற்காக அவற்றின் தளபதி ஐசனோவர் ஒரு சிறு குறிப்பு எழுதி வைத்தார். அதில் 'படைகள் திரும்பப் பெறப்பட்டன' என்ற பொருளில் எழுதியதை அடித்துவிட்டு, 'நான் திரும்பப் பெற்றேன்' என்று திருத்தினார். குறை ஏதும் இருந்தால் அது தன்னுடையது மட்டுமே என்று முடித்தார். அந்தத் திருத்தம் என் மனதில் தைத்தது. வாடிக்கையாளருக்கு நான் எழுதி வைத்திருந்த கடிதத்தில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று இருந்தது. அதை 'நான் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன்' என்று மாற்றி, குழுவில் எல்லோருக்கும் நகல் போட்டேன்.

அடுத்த மாதக் கணக்கு முடிப்பின்போது ஒரு பெண் என் மேசைக்கு வந்து, "சார், வரியைத் தப்பாப் போட்டுட்டேன், இன்னும் அனுப்பலை" என்றார். பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டோம்.

ஆனால் பதவியை மூட்டை கட்டி வைத்துவிட முடியாது. குழுவில் ஒருவர் இன்னொருவரைத் தொடர்ந்து மட்டம் தட்டியபோது, பேசிப் பார்த்தும் பயனில்லாமல், எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துத்தான் நிறுத்தினேன். நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தை நான் நடத்தியதில்லை. எல்லோரையும் நேரில் பழகித் தெரிந்துகொள்ள முடியாத அந்த அளவில் பதவியின் பங்கு கூடத்தான் செய்யும் என்று தோன்றுகிறது. ஒன்பது பேர் குழுவில், மாறிய பிறகு நான் பதவியைக் கையில் எடுத்தது அந்த ஒரு முறைதான்.