உலோக 3டி பிரிண்டிங்: அச்சாகும்போதே கண்காணிப்பதா, முடிந்தபின் சிடி ஸ்கேனா?

பொடியை லேசரால் உருக்கிப் பாகம் செய்யும் முறையில் ஒரு அடுக்கு பெரும்பாலும் 30 முதல் 60 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு பாகத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்குகள் வரும், அதில் எது சரியாக உருகவில்லை என்பதை எப்போது தெரிந்துகொள்வது?

எக்ஸ் கதிரால் பாகத்தின் உள்ளே பார்க்கும் சிடி ஸ்கேன் நேரடிச் சாட்சி. உள்ளே துளை இருந்தால் அளவு, வடிவம், இடம் எல்லாம் தெரியும். ஆனால் பாகம் பெரிதாகப் பெரிதாகத் துல்லியம் குறையும். நிக்கல் கலவை தடிமனாக இருந்தால் எக்ஸ் கதிர் ஊடுருவவே திணறும். அப்புறம், பழுது தெரியும்போது மொத்த வேலையும் முடிந்திருக்கும்.

கண்காணிப்பில், ஃபோட்டோடயோடு என்ற ஒளி உணரி, உருகிய உலோகத்தின் ஒளியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கிறது, மேலிருந்து கேமரா ஒவ்வொரு அடுக்கையும் படமெடுக்கிறது. பாகத்தின் விளிம்பு வெப்பத்தில் மேல்நோக்கி வளைந்து, பொடி பரப்பும் பிளேடு அதில் இடித்தால், பொடிமேல் நீளமாக ஒரு கோடு விழும். அந்தப் படத்திலேயே பளிச்சென்று தெரியும், அங்கேயே நிறுத்திவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், சிக்னல் வேறு, பழுது வேறு. ஒளி திடீரென்று கூடினால் லேசர் ஆழமாகத் துளைத்து உள்ளே குமிழி சிக்கியிருக்கலாம், உருகிய உலோகத் துளிகளின் வெறும் தெறிப்பாகவும் இருக்கலாம். அடுத்த அடுக்கு உருகும்போது பழைய குறை மூடிப்போவதும் உண்டு.

புதுப் பாகம் என்றால் முதல் சில பிரதிகளை சிடியில் வைத்து, சிக்னலோடு ஒப்பிட்டு, எச்சரிக்கை வரம்பை அதிலிருந்து அமையுங்கள். தொடர் உற்பத்தியில் கண்காணிப்பைத்தான் நான் நம்புவேன். உயிர் சம்பந்தப்பட்ட பாகத்துக்கு மட்டும் ஸ்கேனை விடவே மாட்டேன்.