பாண்டி பஜார் நடைபாதையும் மாம்பலம் ஆகாய நடைமேம்பாலமும்: தினமும் நடப்பவரின் அனுபவம்

பாண்டி பஜார் என்று நாம் அழைக்கும் தியாகராய சாலை, சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் மாற்றியமைக்கப்பட்டு 2019 நவம்பர் 13 அன்று நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம் 2023 மே 16 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. பனகல் பூங்காவுக்கு அருகில் வேலை பார்த்து, தாம்பரம் மார்க்கத்து மின்சார ரயிலில் சீசன் டிக்கெட்டில் வந்துபோகும் எனக்கு இவ்விரண்டும் அன்றாடப் புழக்கத்தில் இருப்பவை. திறப்பு விழாவின்போது பாராட்டும் குறையும் நிறையவே எழுதப்பட்டன. ஆண்டுகள் கடந்த பிறகு எப்படி இருக்கின்றன என்பதை எழுதுபவர் குறைவு என்பதால் இதைப் பகிர்கிறேன்.

முதலில் பாண்டி பஜார். அங்கு நடப்பதில் உள்ள பெரிய சுகம் அகலம் மட்டுமன்று, தொடர்ச்சியும்கூட. சென்னையின் பெரும்பாலான சாலைகளில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நடைபாதை சரிந்து இறங்கி மறுபடி ஏறுகிறது. இடையில் மின்பகிர்மானப் பெட்டி, விளம்பரக் கம்பம், பெயர்ந்து கிடக்கும் வடிகால் மூடி என்று ஏதாவது ஒன்று குறுக்கிடுகிறது. முழங்கால் வலியுள்ள ஒருவர் இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை சாலையிலேயே இறங்கி வாகனங்களோடு நடக்கத் தொடங்கிவிடுகிறார். நடப்பவர்களுக்கு மட்டும் 1.8 மீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும், நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டு நெறிகள் சொல்வதன் நியாயம், இந்தச் சாலையில் ஒரு முறை நடந்தாலே புரிந்துவிடும். கைக்குழந்தையோடு வருபவர்களும், ஊன்றுகோலோடு வரும் பெரியவர்களும் அவசரமில்லாமல் கடை பார்த்துக்கொண்டே போவதை இங்கே எந்த மாலையிலும் காணலாம்.

வாகனங்களுக்கான பகுதி சுருக்கப்பட்டதால் சாலையைக் கடப்பதும் எளிதாகிவிட்டது. கடக்க வேண்டிய தூரம் குறைவு. எதிரே வரும் வாகனமும் மெதுவாகத்தான் வருகிறது.

ஆனால் இந்த வசதியைக் காப்பாற்றுவது தினசரி வேலை. வாகனங்கள் ஏறாமலிருக்க நடப்பட்ட தடுப்புத் தூண்களுக்கிடையே சக்கர நாற்காலி நுழையுமளவுக்கு இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளியில் ஸ்கூட்டரும் தாராளமாக நுழைந்துவிடும். கைப்பிடியைச் சற்றுத் திருப்பி உள்ளே தள்ளி, கடை வாசலில் நிறுத்திவிட்டுப் போகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு வண்டி நின்றுவிட்டால் அதன் பக்கத்தில் இன்னொன்று சேர அதிக நேரம் ஆவதில்லை. தூணை நெருக்கமாக நட்டால் சக்கர நாற்காலிக்காரர் வெளியே நிற்க நேரிடும் என்பதால், கண்காணிப்பைத் தவிர இதற்கு மாற்று எனக்குத் தெரியவில்லை. காவலர் நிற்கும் நாட்களில் பாதை முழுக்க நமக்கே சொந்தம்.

சைக்கிளில் வருபவர்களுக்கு இங்கே தனித்தடம் இல்லை. சுருங்கிய பாதையில் கார்களுக்கும் ஆட்டோக்களுக்கும் இடையில்தான் அவர்கள் மிதித்தாக வேண்டும். பின்னால் ஹாரன் அடிப்பவரின் பொறுமையின்மைக்குப் பயந்து நடைபாதையில் ஏறும் சைக்கிள்காரரை நான் குறைசொல்ல மாட்டேன். ஆயினும் கூட்ட நேரத்தில் அது இருவருக்குமே தொல்லை.

இனி ஆகாய நடைமேம்பாலம். 570 மீட்டர் நீளமும் 4.2 மீட்டர் அகலமும் கொண்ட இதற்கு ஆன செலவு 28.45 கோடி ரூபாய். ரயிலிலிருந்து இறங்கிப் பேருந்து பிடிப்பவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ரங்கநாதன் தெருவில் அடிமேல் அடி வைத்து நகர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மழைக்காலத்தில், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் செல்லும் மேட்லி சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குவது வழக்கம் என்பதால், அந்த நாட்களில் மேலே நடந்து போகும் வழி இருப்பதே ஆறுதல். ஊரிலிருந்து பெட்டி படுக்கையோடு வரும் உறவினர்களிடம் நான் தயங்காமல் இந்த வழியைத்தான் சொல்கிறேன்.

எனினும் என் அலுவலகம் பனகல் பூங்கா பக்கம் இருப்பதால், காலையில் இது எனக்குப் பயன்படுவதில்லை. கடைத்தெருவுக்கு வருகிற பலரின் நிலையும் இதுதான்: ரங்கநாதன் தெரு வழியாக உஸ்மான் சாலையை அடைந்து, அங்கிருந்து வாகன நெரிசலுக்கு நடுவே வடக்கே நடக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறவருக்கு மேம்பாலம் ஏற்றது. நடுவில் மூன்று கடையில் வேலை உள்ளவர் கீழேயேதான் நடப்பார். ஆகவே, மேம்பாலம் கட்டியாயிற்று என்பதற்காகக் கீழே இருக்கும் சாலையை வாகனங்களுக்கே விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டில் ஒன்றைத்தான் இன்னொரு ஊரில் செய்ய முடியும் என்றால், நான் பாண்டி பஜார் முறையைத்தான் கேட்பேன்.

புதிதாக வருபவர்களுக்கு: பாண்டி பஜாரில் நிதானமாக நடக்க வேலைநாள் முற்பகல் ஏற்றது. பேருந்து நிலையம் போவதானால் ரயில் நிலைய நடைமேடையிலிருந்து வெளியே இறங்காமல் நேராக மேம்பாலத்துக்கே சென்றுவிடுங்கள். இறங்கிவிட்டுத் திரும்ப ஏறுவது வீண் அலைச்சல்.

கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையிலான மெட்ரோ வழித்தடத்தில் பனகல் பூங்காவில் சுரங்க நிலையம் அமைகிறது. அது திறக்கும்போது இப்போதைவிடக் கூட்டம் பன்மடங்கு பெருகும். டிக்கெட் வாங்காதவர்களும் நிலையத்தின் மேல்தளம் வழியாகச் சாலையைக் கடக்க அனுமதிக்க வேண்டும். ரங்கநாதன் தெரு முனையிலிருந்து நிலைய வாசல் வரை உஸ்மான் சாலையின் இரு பக்கமும் பாண்டி பஜாரைப் போன்ற இடைவிடாத நடைபாதை, நிலையத் திறப்புக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.